ஏழு பேருக்கும் ஒரே முட்டி

விளையாட்டு அணிக்கு பிசியோவாக இருப்பவரின் காதில் ஒரு நாளைக்குப் பத்துப் பொய்யாவது விழும். அதில் ஒன்பது, "வலியே இல்லக்கா" என்பதாக இருக்கும். என்னைப் போலவே ஐஸ் பெட்டியும் பேண்டேஜ் சுருளுமாக மைதானம் மைதானமாக அலையும் சகபாவிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எனக்கு வாய்த்தது மதுரையில் ஒரு பெண்கள் கபடி அணி. அகில இந்திய அளவில் ஆடுகிறவர்கள். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரே விடுதியில் ஆறு வருடமாக ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்கி, ஒருத்தி சட்டையை இன்னொருத்தி போட்டு வளர்ந்த ஏழு பேர். ஒற்றுமை நல்லது என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர்கள் யாரும் இந்த ஏழு பேருக்கு முட்டி பார்த்ததில்லை.

நொண்டி ஊர்வலம்

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு பேரும் முட்டியில் நீ-கேப் என்கிற உறையை மாட்டிக்கொண்டு, ஏழு பேரும் நொண்டிக்கொண்டே பயிற்சிக்கு வந்தார்கள். பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. யாரோ ஒருத்திக்கு நிஜமாகவே அடிபட்டிருக்கிறது. அது யார் என்று நான் கண்டுபிடித்துவிடக் கூடாது. நான் எழுதிக்கொடுத்தால் கோச் சார் அவளை உட்கார வைத்துவிடுவார். அடுத்த மாதம் டெல்லியில் போட்டி. இந்திய அணியின் முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் அங்கே வருகிறார்கள். அதை விட்டால் ஒரு வருடம் போச்சு.

ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். ஒருத்தி வலது காலில் உறையை மாட்டிக்கொண்டு இடது காலை நொண்டினாள். இடது ஓரத்தில் நின்று ஆடும் மாரியின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அடிபட்ட முட்டி தொட்டால் சுடும், ஆனால் ஏழு முட்டியும் ஐஸ் வைத்து ஒரே மாதிரி சில்லென்று இருந்தன. கேப்டன் ஜோதி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "ஏழு பேருக்கும்தான்க்கா வலிக்குது. உக்கார வைக்கிறதா இருந்தா ஏழு பேரையும் உக்கார வச்சுப்புடுங்க."

இரண்டு விரல்

கோச் சாருக்கும் மாரி மேல் சந்தேகம்தான். அதனால் சேலத்திலிருந்து சத்யா என்ற பெண்ணை அதே இடது ஓரத்துக்கு வரவழைத்தார். நல்ல பலசாலி, நல்ல ஆட்டக்காரி. கபடியில் பிடிப்பவர்கள் பக்கத்தில் நிற்பவர் கையைக் கோத்துக்கொண்டுதான் நிற்பார்கள். மாரியின் கை எப்போதும் ஜோதியின் கைக்குள் இருக்கும். அந்த இடத்தில் இப்போது சத்யா நின்றாள். ஜோதி அவளிடம் கையைக் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. விரல் நுனியைக் கொடுத்தாள்.

விடுதியிலும் அப்படித்தான். யாரும் சத்யாவை ஒரு சொல் கடுமையாகப் பேசியதில்லை. "சாம்பார் போதுமா, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்பார்கள். அவர்களுக்குள் ஒருத்தி தட்டிலிருந்து ஒருத்தி கேட்காமலே எடுத்துத் தின்பார்கள். சத்யா பிடித்த ஆட்களெல்லாம் நழுவி ஓடினார்கள். மூன்றாவது வாரம் என்னிடம் வந்து, அழாமல், அலுத்துப்போய்ச் சொன்னாள்: "கையக் குடுத்தாத்தானுங்கக்கா புடிக்க முடியும்? இவங்க ரெண்டு விரலைக் குடுக்கறாங்க."

ஒரு அமுக்கு, ரெண்டு அமுக்கு

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சத்யா வருவதற்கு முன்னால், அலங்காநல்லூர் பக்கம் ஒரு மைதானத்தில் பயிற்சி ஆட்டம். எதிரணியில் பாடி வந்த பெண்ணை அதுவரை யாரும் பிடித்ததில்லை என்றார்கள். ஜோதியும் மாரியும் அவளை நான்கு முறை பிடித்தார்கள். வாயைத் திறக்காமல் பிடித்தார்கள். கோத்த கைக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு பாஷை உண்டு: ஒரு அமுக்கு என்றால் பொறு, ரெண்டு என்றால் காலைப் பிடி, மூன்று என்றால் பாய். அன்றைக்கு எனக்கே மெய் சிலிர்த்தது. எதிரணி கோச் என்னிடம் வந்து ஆற்றாமையோடு கேட்டார்: "பேசிக்கிறவே மாட்டேங்குதுக, ஆனா ஒண்ணாப் பாயுதுக. என்னதாம்மா சாப்பாடு போடுறீக?"

சிரித்த முகம்

டெல்லிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். மாரியைப் படுக்க வைத்தேன். முட்டியை மடக்கி, ஓரத்தை அழுத்தி, பாதத்தைத் திருப்பும் சோதனை ஒன்று இருக்கிறது. உள்ளே சவ்வு கிழிந்திருந்தால் ஆள் அலறிவிடுவார். "கூட நிக்கிறேன்க்கா" என்று ஜோதி பக்கத்தில் வந்து மாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாசம் என்று நினைத்து விட்டுவிட்டேன். இரண்டு தடவை திருப்பினேன். மாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளிப்பு இல்லை. ஜோதியின் முகத்திலும் இல்லை.

பன்னிரண்டு வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறவள், முகத்தைப் பார்த்தேனே தவிர கையைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாரி எழுந்து சிரித்தாள்: "நாந்தான் சொன்னேன்ல, வலியே இல்லக்கா."

கால் இறுதி

டெல்லியில் கால் இறுதி ஆட்டத்தில் மாரி ஒருத்தியின் கணுக்காலைப் பிடித்துத் திரும்பினாள். முட்டி திரும்பவில்லை. நான் ஓடிப்போனபோது ஜோதி தன் உள்ளங்கையை என்னிடம் விரித்துக் காட்டி அழுதாள். "நீங்க முட்டியத் திருப்புன அன்னைக்கே இந்தக் கைய நசுக்கிப்புட்டாக்கா. தெரிஞ்சும் நான் சொல்லல" என்றாள். எனக்கு அவள் மேல் வந்த கோபம் பாதி வழியிலேயே என் மேல் திரும்பிவிட்டது. அந்தச் சான்றில் இருப்பது என் கையெழுத்து.

சத்யா உள்ளே வந்தாள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மாரி, தூக்கியவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு ஜோதியைப் பார்த்துக் கத்தினாள்: "ரெண்டு விரலக் குடுக்காதடி! முழுக் கையையும் குடு!"

எட்டுக் கணுக்கால்

ஆட்டத்தை ஜெயித்தார்கள். முகாமுக்கு சத்யாவின் பெயர் வந்தது. மாரிக்கு அறுவை சிகிச்சை. ஒரு வருடம் ஆடுகளத்தில் கால் வைக்கக் கூடாது. அவளுக்கு மறுபடி ஆட வருமா என்று கேட்பவர்களிடம் "வரும்" என்கிறேன், எனக்கே தெரியாது.

போன வாரம் காலையில் எட்டுப் பேரும் கணுக்காலில் பட்டை சுற்றிக்கொண்டு நொண்டிக்கொண்டே வந்தார்கள். ஊன்றுகோலோடு மாரியும். சத்யா முகாமுக்குக் கிளம்பப் பத்து நாள் இருந்தது. "எட்டுப் பேருக்கும் வலிக்குதுக்கா" என்று சேலத்துக்காரி சுத்த மதுரைக்காரியாகச் சொன்னாள். ஒரு பக்கம் சந்தோஷமாகவும் ஒரு பக்கம் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. நான் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்தேன். அப்போது மாரி வரிசையை விட்டு முன்னால் வந்தாள். ஜோதி அவள் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. "சத்யாவுக்குத்தான்க்கா வலி. எழுதிக் குடுத்துருங்க. எங்கூட யாரும் பேச வேணாம், நான் இருந்துக்கிறேன்."

நான் எழுதிக்கொடுத்துவிட்டேன்; மாரியோடு ஏழு பேரும் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவள் தட்டிலிருந்து கேட்காமலே அப்பளத்தை எடுத்தவள் சத்யாதான், நானோ இப்போதெல்லாம் யாருக்கு முட்டி பார்த்தாலும் என் இடது கையை முதலில் அவர்கள் கைக்குள் கொடுத்துவிடுவதால் சாயங்காலம் ஐஸ் ஒத்தடம் அந்தக் கைக்கே சரியாகப் போய்விடுகிறது.