தூணின் கால்

ஜப்பானில் பூமி அதிர்ந்தால் முதலில் அடுப்பை அணைக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. பாத்திரங்கள் கடகடத்தபோது கீழ்வீட்டு அம்மாள் ஓடிவந்து கையை ஆட்டிக் கத்தினார். வெளியே ஓடச் சொல்கிறார் என்று எண்ணி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினேன். அவரோ என் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அழுதுகொண்டு நின்ற என்னை வியப்போடு பார்த்தார்.

என் கணவர் இங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் தூண்களைச் சோதிக்கும் இன்ஜினியர். ஒருநாள் என்னையும் அழைத்துப்போனார். கனமான அடித்தளத்தின் மேல் ஒரு தூண். அதன் தலையை ஓர் இயந்திரம் இடமும் வலமுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒடியும் என்று நினைத்தேன். ஆனால் அடித்தளத்தில் ஊன்றிய இடத்தில்தான் விரிசல் கண்டது. ஒவ்வொரு தள்ளலுக்கும் அது திறந்து மூடியது. உள்ளே கம்பிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி நழுவின. ஒருமுறை தள்ளினால் தாங்கிவிடும், திரும்பத் திரும்பத் தள்ளும்போதுதான் கால் விட்டுப்போகிறது என்றார்.

"நம்ம வீட்டுத் தூண் எப்படிங்க?" என்று கேட்டேன்.

"பழைய கட்டடம். உள்ள எப்படிக் கம்பி போட்டிருக்காங்கன்னு தெரியலையே, மங்கை."

பொய்யாவது சொல்லியிருக்கலாம். அன்றோடு என் தூக்கம் போயிற்று. கல்யாணமான புதிதில் ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு இருந்தபோது, காவிரியில் வெள்ளம் வந்தால் பாலத்துத் தூண்களில் தண்ணீர் மோதுவதைக் காட்டத்தான் என்னை அழைத்துப்போவார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். காலுக்கடியில் தரை இருப்பதையே அப்போது நான் நினைத்ததில்லை.

அடுத்த பெரிய அதிர்வில் எங்கள் வாசல் தூணின் அடியில் விரிசல் விழுந்தது. ஊருக்குப் போய்விடலாம் என்று அழுதேன்.

"அங்க இந்த வேலைக்கு என்னை யார் கூப்பிடப் போறாங்க?" என்றார். குழந்தையோடு நான் மட்டும் கப்பலேறி, லால்குடியில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில மாதங்களில் ரேடியோவில் நிலநடுக்கச் செய்தி வந்தது. அதில் ஜப்பானில் நாங்கள் இருந்த ஊரின் பெயரும் இருந்தது. அவருக்குத் தந்தி கொடுத்துவிட்டு, பதில் தேடி நாள்தோறும் அப்பாவோடு திருச்சித் தந்தி ஆபீசுக்கு அலைந்தேன். கடைசியில் வந்தது: தான் நலம், வீடு விழுந்துவிட்டது.

"புள்ளையோட தப்பிச்சியேம்மா. இனிமே இங்கயே இரு," என்றார் அப்பா. தப்பித்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தூண்களுக்கடியில் அவரைத் தனியே விட்டுவிட்டு வந்தவள் நான்.

இப்போது மறுபடி இங்கே ஜப்பானில், அவரோடு, வேறொரு வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் தந்தி வந்த அந்த மத்தியானம் மறக்கவில்லை. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில், அப்பாவும் நானும் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். காலடியில் பலகை அதிர்ந்தது. குழந்தையை வாரிக்கொண்டு கீழே குதித்துவிட்டேன்.

"ஏறுங்கம்மா. எந்த ஊருக்குப் போகணும்?" என்றார் கண்டக்டர்.

வாயைத் திறந்தேன், ஊர்ப்பெயர் வரவில்லை. உள்ளேயிருந்து அப்பா எனக்காக லால்குடி என்றார். நான் ஏறாமல் நின்றுகொண்டிருந்தேன்.