என் பெயரில் தெரிவான லத்தீன்

என் மகள் லத்தீன் படிக்கப் போகிறாள் என்பதை, பாரிசில் ரூ காய் தெருவில் நான் வேலை செய்யும் சேலைக் கடையில், ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா. அவருடைய மகளும் என் மகளும் லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், ஒரே வகுப்பு.

"உங்கட பிள்ளை லத்தீன் எடுத்திருக்கிறாவாம். உண்மையே?"

"இல்லை அக்கா. கணக்கு, பிசிக்ஸ், பயோ."

"பிசிக்ஸை விட்டிட்டாவாம். அந்த இடத்திலதான் லத்தீன்." அக்கா சேலையின் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "சேர்ச்சில லத்தீன் பூசை கேட்ட வேதக்காரர், எங்கட பிள்ளையளே அதைத் திரும்பிப் பாக்கிறேல்லை. பஜோல் தெருக் கோயில் பிள்ளையாருக்கு இனி லத்தீனிலயோ அர்ச்சனை?"

கடை முதலாளி அண்ணை சேலை மடிப்பதை நிறுத்தினார். "அது எந்த நாட்டில கதைக்கிறது, தங்கச்சி?"

"ஒரு நாட்டிலயும் இல்லை, அண்ணை."

"அப்ப நல்லது. விசா எடுக்கத் தேவையில்லை."

இருவரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். எனக்குக் கிடைக்காத மருத்துவப் படிப்பு மகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதை அவள் பிறந்த நாளிலிருந்து நினைத்து வருகிறேன். பிசிக்ஸை விட்டுவிட்டு மருத்துவத்துக்குப் போவது கடினம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன்: "இதுக்கு ஆர் சம்மதம் குடுத்தது?"

"நீங்கள்தான்" என்றாள். கைபேசியைத் திறந்து காட்டினாள். பள்ளிக்கூடத் தளத்தில், பெற்றோருக்கான பக்கத்தில், என் பெயரில் சம்மதம் பதிவாகியிருந்தது.

அதை அவள் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை என்பதுதான் கொடுமை. இங்கே எங்கள் வீடுகளில் கடிதங்களைப் படிப்பது பிள்ளைகள்தான். அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது பள்ளித் தளத்தில் என் பெயரில் கணக்கைத் திறந்து தந்தவளும் அவள்தான். கடவுச்சொல் அவளுக்கு மட்டுமே தெரியும். விசா அலுவலகமான பிரிபெக்தூரில் நேரம் எடுப்பது, வரிப் பத்திரம் நிரப்புவது, வீட்டுச் சொந்தக்காரருக்கு ஈரச்சுவரைப் பற்றி எழுதுவது எல்லாம் அவள் வேலை. 'நான்' என்று தொடங்கி என் பெயரில் முடிகிற எத்தனையோ கடிதங்களில் ஒன்றைக்கூட நான் எழுதியதில்லை.

"கேட்டனான்தானே அம்மா. நீங்கள் மீன் பொரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். ஸ்கூல் பேப்பர் ஒண்டு அனுப்பட்டே எண்டு கேட்டன். ஓம், ஓம், அனுப்பு எண்டனீங்கள்."

சொல்லியிருப்பேன். எப்போதும் அப்படித்தான் சொல்கிறேன்.

"லத்தீனை வச்சு என்ன வேலை எடுப்பாய்?"

அதற்கு அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். ஒன்பது வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினீர்களே, அதை வைத்து என்ன வேலை எடுப்பேன் என்று யாராவது கேட்டீர்களா என்றாள். நான் சத்தம் போட்டேன்.

வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியையைப் பார்க்க நேரம் கேட்டேன். அந்த நேரத்தையும் அவளே எடுத்துத் தந்தாள். மூன்று பிரெஞ்சு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முதல் வாக்கியத்துக்கே ஆசிரியை வேகமாக ஏதோ பதில் சொல்ல, மற்ற இரண்டும் பறந்துவிட்டன. பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினேன். எந்தக் கந்தோருக்குப் போனாலும், அலுவலர் மேசைக்கு முன்னால் அவள் எனக்கு இடப்பக்கம்தான் இருப்பாள்.

"சொல்லு. எனக்குத் தெரியாமல் செய்துபோட்டாள் எண்டு சொல்லு."

அவள் ஆசிரியையை நேராகப் பார்த்து, எப்போதும் போல என் குரலாகவே பிரெஞ்சில் பேசினாள்: "என் மகள் இதை எனக்குத் தெரியாமல் செய்துவிட்டாள்." எதையும் குறைக்கவில்லை, மழுப்பவில்லை. அதைச் சரிபார்க்கிற அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு விளங்கும்.

ஆசிரியை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வரை மாற்றலாம், ஆனால் தாய் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். அதையும் அவள் எனக்குத் தமிழில் சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

மாற்றுங்கள் என்று சொல்ல வந்த நான், எரிச்சலில் அவளிடம் கேட்டேன்: "உலகத்தில எவ்வளவு பாசை கிடக்கு. ஏன் பிள்ளை லத்தீன்?"

"அந்தப் பாசையில ஒரு கந்தோரும் இல்லை, அம்மா." இந்த முறை தமிழிலேயே பதில் சொன்னாள். "ஒருத்தரும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்கச் சொல்ல மாட்டினம். எனக்கு மட்டும் எண்டு ஒண்டு வேணும்."

என்ன சொல்கிறாள் என்று ஆசிரியை கேட்டார். நான் இடப்பக்கம் திரும்பினேன். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொழிபெயர்க்கவில்லை.

கடைசியில் நானே எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அவள் லத்தீனை வைத்திருக்கட்டும் என்றேன். பிழையாகச் சொல்லியிருப்பேன். ஆசிரியை எழுதிக்கொண்டார்.

எனக்கு இன்னும் சம்மதமில்லை. பிசிக்ஸ் இல்லாமல் என்ன ஆகப்போகிறாள் என்பதை நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை. அக்கா கடைக்கு வந்தால் உள்ளே போய்விடுகிறேன். நேற்று முன்தினம் வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்; கூப்பிடவில்லை. நான் அகராதியோடு கடிதத்தின் இரண்டாம் பந்தியில், நாலாவது வரியில் நிற்கிறேன்.