நிமிஷம் சார் பார்த்த மேற்கு வாசல்

“ஆறு மணிக்கெல்லாம் கோட்டை முன்னால நின்னுடணும்ங்க. வெயில் முதல்ல இடது பக்க மாடத்துல விழும். அப்புறம் மெல்ல இறங்கி வாசலுக்கு வரும். ஏழே நிமிஷம். அதைப் பாக்காம வந்தீங்கன்னா போனதே வீண்.”

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி நிமிஷம் சார் பேசிக்கொண்டிருக்கிறார். கை மட்டும் தன்பாட்டுக்கு ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. பழைய நகரங்களைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காரும் டிரைவரும் அமர்த்திக் கொடுக்கும் அலுவலகம் அது. எந்த ஊருக்கு முதலில் போவது, எங்கே தங்குவது, எந்த அரண்மனைக்கு எத்தனை மணிக்கு, எந்த வாசல் வழியாக என்று பயணத் தாள் போட்டுக் கொடுப்பது நிமிஷம் சாரின் வேலை. பத்தொன்பது வருடமாக இதே மேசை, இதே ஆடும் நாற்காலி.

அவர் தாளில் “காலை: அரண்மனை” என்று மொட்டையாக எதுவும் இருக்காது. “10.05 முதல் 10.50 வரை சித்திர மண்டபம். 10.50 முதல் 10.58 வரை வண்டிக்குத் திரும்புதல்” என்றிருக்கும். தேநீருக்குப் பதினொரு நிமிடம். அலுவலகத்துப் பெண்கள் ஒருமுறை வாயைக் கிளறினார்கள்.

“சார், செருப்பு மாட்டறதுக்கு எத்தனை நிமிஷம் போட்டிருக்கீங்க?”

“ஒண்ணரை. வார் வெச்ச செருப்புன்னா ரெண்டு,” என்றார், தலையைத் தூக்காமலே. பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

தூரம் அளக்க அவரிடம் ஒரு நூல் இருக்கிறது. விரற்கடைக்கு ஒரு முடிச்சு. அதை எச்சில் தொட்டு ஈரமாக்கி, மேசையில் விரித்த வரைபடத்தில் சாலை வளைகிற இடமெல்லாம் வளைத்து ஒட்டி, முடிச்சுகளை எண்ணிவிட்டு, “மூணு மணி நாப்பது நிமிஷம்” என்பார். கைப்பேசியும் ஏறக்குறைய அதையேதான் சொல்லும். சொன்னால் கைப்பேசிக்குப் பெருமை என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

இந்த ஊர்களில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

காரில் ஏறி முக்கால் மணி நேரமானால் அவருக்கு வயிற்றைப் புரட்டும். ஒரு மணி நேரமானால் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார். கார்ப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவருக்குக் கார் ஆகாது என்பதை வெளியில் சொன்னால் சிரிப்பார்களே என்று ஆரம்பத்தில் மறைத்தார். பிறகு ஒரு நாள் வாடிக்கையாளர் அம்மா ஒருவர், “நீங்க அங்கெல்லாம் போயிருக்கீங்களா சார்?” என்று கேட்டபோது, “என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க?” என்றார். பொய் சொல்லவில்லையே, கேள்விக்குக் கேள்விதானே கேட்டோம் என்று அன்றைக்குச் சமாதானம் செய்துகொண்டார். அடுத்த வருடம் அது “போகாமயா?” என்றாயிற்று. இப்போதெல்லாம் தயக்கமே கிடையாது. “நானே நின்னு பாத்திருக்கேங்க” என்பது வணக்கத்துக்கு அடுத்தபடியாக வருகிறது. அவர் பேச்சில் வரும் வெயிலும் மாடமும் போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டுச் சேர்த்துவைத்தவை. விஷயம் முழுதும் தெரிந்தவர் அவர் மனைவி, வீட்டு அம்மாள் ஒருத்திதான். அந்த அம்மாள் வாயைத் திறந்ததில்லை.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் நன்றிக் கடிதங்களை வரிசையாக வைத்திருக்கிறார். “ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.” “என் மாமியாரின் முட்டிவலிக்குக்கூட யோசித்துப் போட்ட திட்டம்.” மாமியாரின் முட்டியைப் பற்றித் தாம் எப்போது யோசித்தோம் என்று அதைப் படித்தபோது அவருக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. பாராட்டை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? வாங்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணமாயிற்று. சம்பந்தி ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. தெருவிளக்கு எரியாவிட்டால், குழாயில் தண்ணீர் வராவிட்டால், பேருந்து நிற்காமல் போனால், எதற்கும் முழுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். சம்பந்தியம்மாவுக்கு வலது முட்டி போய்விட்டது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் காலத்து நாட்காட்டியிலிருந்தோ கத்தரித்த ஒரு படத்தை அந்த அம்மா புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தார். கூரை முழுக்க ஓவியம் தீட்டிய ஒரு மண்டபம்.

“ஆபரேஷனுக்கு முன்னால இதை ஒரே ஒரு தடவை அண்ணாந்து பாத்துட்டா போதும்ண்ணே,” என்று நிமிஷம் சாரிடம் சொன்னார்.

“அப்பாவுக்கு அந்த ஊரெல்லாம் தலைகீழாத் தெரியும் அத்தை. அவரே கூட்டிட்டுப் போவாரு,” என்று மகள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

தப்பிக்க வழியில்லை. ஐந்து நகரம், ஆறு நாள். தாள் போட்டார். டிரைவராக அலுவலகத்திலேயே பழையவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக அவர் தாளை வாங்கிக்கொண்டு போகிறவர், அதிகம் பேசாதவர்.

வண்டியில் முன்னிருக்கையில் உட்கார்ந்து, ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, நிமிஷம் சார் கண்ணை மூடிவிட்டார். பின்னால் சம்பந்தி, “எல்லாம் பாத்து அலுத்த மனுஷன், அவருக்கென்ன புதுசு?” என்று மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்திருந்த வீட்டு அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் இரண்டு ஊரும் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி போயின. சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் புரட்டலுக்கு நடுவே அவ்வப்போது கண்ணைத் திறந்த நிமிஷம் சாருக்கு ஒன்று தட்டுப்பட்டது. டிரைவர் அவர் தாள்படி போகவில்லை. அவர் எழுதியிருந்த சாலையை விட்டு வேறு சாலையில் திரும்பினார், முதலில் பார்க்க வேண்டியதை இரண்டாவதாக வைத்தார். நேரம் சரியாக இருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் விடுதி வாசலில் டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றார்.

“இன்னிக்குச் சித்திர மண்டபம். தாள்ல மேற்கு வாசல்னு போட்டிருக்கேன். மேற்குலயே விடுங்க.”

டிரைவர் துணியைப் பிழிந்தார். “கிழக்கால விடறேனே சார். மேற்கு திறந்திருக்கிறது சந்தேகம். அதோட அந்தப் பக்கம்...”

“சந்தேகமெல்லாம் எதுக்கு? நான் பாக்காத வாசலா?”

டிரைவர் அவரை ஒரு கணம் பார்த்தார். அதற்குள் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் படியிறங்கி வந்துவிட்டார்கள். “சரிங்க சார்,” என்று வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

மேற்கு வாசலுக்கு எழுபத்திரண்டு படி. நூல் வைத்து அளந்தபோது அந்த இடம் அரை முடிச்சுத்தான் வந்தது. வரைபடத்தில் படி ஏது? “வண்டியிலிருந்து மண்டபம் 4 நிமிடம்” என்று எழுதியிருந்தார். வண்டி அங்கே நிற்கக் கூடாதென்று காவலர் விசிலடித்துக்கொண்டே இருந்ததால் டிரைவர் இவர்களை இறக்கிவிட்டு உடனே நகர வேண்டியதாயிற்று. சம்பந்தியம்மா ஒவ்வொரு படியிலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, நின்று, மூச்சு வாங்கி ஏறினார். “மேல போயிட்டா அப்புறம் சமதரைதானேண்ணே?” என்று கேட்டார். “சமதரைதாம்மா,” என்றார் நிமிஷம் சார். இருபத்தாறு நிமிடமாயிற்று.

மேலே வாசல் பூட்டியிருந்தது. கையளவு பூட்டு, துருவேறி. திறந்து எத்தனை காலமாயிற்றோ.

சம்பந்தியம்மா அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். முட்டி கண்ணெதிரே வீங்கிக்கொண்டு வந்தது. சம்பந்தி பூட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு நிமிஷம் சாரைப் பார்த்தார்.

“என்ன சம்பந்தி இது?”

உண்மையைச் சொல்ல அந்த இடத்தில் மூன்று சொல் போதும். நிமிஷம் சாரின் வாயிலிருந்து வேறு வந்தது.

“டிரைவர் வாசலை மாத்தி விட்டுட்டாரு.”

டிரைவர் அப்போது கீழேயிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி வந்துகொண்டிருந்தார். எந்தக் கடையிலோ கேட்டு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தலைமேல் இருந்தது. இப்படித்தான் ஆகும் என்று நினைத்தே எடுத்து வந்திருக்கிறார். நாற்காலியைக் கீழே வைக்கக்கூட விடாமல் சம்பந்தி பிடித்துக்கொண்டார். “வழி தெரியாதவன் எல்லாம் எதுக்கய்யா வண்டி ஓட்ட வர்றே? முடியாத பொம்பளையை இப்படியா அலைக்கழிப்பே?”

டிரைவர் நிமிஷம் சாரை ஒரே ஒரு தடவை பார்த்தார். “மன்னிச்சுக்கங்கய்யா. என் தப்புதான்,” என்றார். பிறகு அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கீழே விசிலடித்த காவலரைக் கூப்பிட்டு ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, எழுபத்திரண்டு படியும் தூக்கிக்கொண்டு இறங்கினார். நிமிஷம் சார் அந்த அம்மாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அந்த நாக்கு அப்போதும் அசையவில்லை.

பயணம் அத்தோடு முடிந்தது. மருத்துவமனைக்குப் போய்விட்டு நேரே வீடு. கூரை ஓவியத்தை அந்த அம்மா பார்க்கவே இல்லை. திரும்பும் வழியெல்லாம் நிமிஷம் சாருக்கு வயிறு புரட்டவில்லை என்பதை அவரே பிறகுதான் கவனித்தார். வீட்டுக்கு வந்ததும் வீட்டு அம்மாள் பையைக் கூடத்தில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்த டிரைவர் மனுஷன் இன்னிக்கு வாய்ல ஏதாவது போட்டாரா இல்லையான்னு பாத்தீங்களா?”

வீடு திரும்பிய நான்காம் நாள் சம்பந்தி முழுத்தாளில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். “நீங்களே உங்க முதலாளிகிட்ட குடுத்துடுங்க. உங்க கையால போனா ஒரு மரியாதை.” எழுத்துமூலம் புகார் வந்தால் விசாரித்து முடிக்கும்வரை டிரைவரை வெளியூர் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். நிமிஷம் சார் அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். டிரைவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துப் பார்த்தார். அந்தப் பாச்சா அவரிடமே பலிக்கவில்லை. விசாரணை என்று வந்தால் டிரைவரைக் கேட்பார்கள். கேட்டால் இவர் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும். பயம் அதுதான். சம்பந்தி போன் போட்டபோதெல்லாம் “விசாரிக்கிறாங்க” என்றார். மூன்றாவது போனில் சம்பந்தி, “திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் முதலாளிக்கே பதிவுத் தபால்ல ஒரு நகல் அனுப்பிடுவேன்,” என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை டிரைவர் அடுத்த பயணத்துக்குத் தாள் வாங்க வந்தார். வழக்கம்போலத் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க,” என்றார் நிமிஷம் சார். “இத்தனை வருஷத்துல என் தாள்படி எத்தனை தடவை போயிருக்கீங்க?”

டிரைவர் தலையைச் சொறிந்தார். “கிளம்பறது எப்பவும் உங்க தாள்படிதான் சார்.”

“அப்புறம்?”

“அப்புறம் பாத்துக்குவோம். ஒரு இடத்துல பாலம் போயிருக்கும், ஒரு இடத்துல வாசல் மூடியிருக்கும். வர்றவங்கள்ல யாருக்காவது கால் வலி இருக்கும். எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான் சார்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“ரெண்டு தடவை சொன்னேன் சார். நானே நின்னு பாத்திருக்கேன்னீங்க. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?”

நிமிஷம் சார் கண்ணாடிக்கு அடியிலிருந்த கடிதங்களைப் பார்த்தார். மாமியாரின் முட்டி இப்போது புரிந்தது. இத்தனை வருடமாக அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததுபோல் வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அன்னிக்குப் படியில... ஏன் உங்க தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க?”

டிரைவர் வாசல் பக்கம் திரும்பியிருந்தார். “பொண்ணு குடுத்த இடமாச்சே சார்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நிமிஷம் சார் சம்பந்தி வீட்டுக்குப் போனார். இரண்டு பேருந்து மாறி, நின்றுகொண்டே. சம்பந்தியம்மா காலை ஒரு முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். “வாங்கண்ணே. அந்த டிரைவர் தம்பி நல்லாருக்காரா? பாவம், என்னை எப்படித் தூக்கிட்டு இறங்கினாரு!” என்றார். நிமிஷம் சார் சட்டைப்பையிலிருந்து அந்த முழுத்தாளை எடுத்துப் பிரித்தார்.

“இதை இன்னுமா குடுக்கல?” என்று சம்பந்தி முகத்தைச் சுளித்தார்.

“ஒரு பேனா குடுங்க சம்பந்தி.”

சம்பந்தி பேனாவைக் கொடுத்தார். நிமிஷம் சார் அங்கிருந்த சின்ன மேசைமேல் தாளை வைத்துக் குனிந்தார். “ஓட்டுநருக்கு வழி தெரியவில்லை” என்று முதல் வரி. “ஓட்டுநருக்கு” என்பதை அடித்து, மேலே “எனக்கு” என்று எழுதினார். மூன்றாவது வரியிலும் அப்படியே அடித்து எழுதினார். நடுவில் ஓரிடம். கடைசியில், “இந்த ஓட்டுநரை நம்பி இனி யாரையும் அனுப்பலாகாது” என்றிருந்த இடத்தில் கை கொஞ்சம் நின்றது. “இந்த ஓட்டுநரை” என்பதையும் அடித்து, “என்னை” என்று எழுதினார். சம்பந்தி “என்ன எழுதறீங்க?” என்று தலையை நீட்டியபோது, நிமிஷம் சார் நிமிர்ந்து, அவரைத் தாண்டிப் போய், தாளை இரண்டு கையாலும் பிடித்துச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினார்.