ஒரு சைஸ் பெரிய பேட்

சிதம்பரத்தில் என் ஒன்பது வயது மகனுக்குக் கிரிக்கெட் பேட் பார்த்துக்கொண்டிருந்தேன். "வளர்ற புள்ள சார், ஒரு சைஸ் பெரிசாவே வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர்.

நெல்லிக்குப்பத்தில் அப்பாவும் இதையே சொல்லித்தான் எனக்கு வாங்கினார். எண்ணெய் வாசம் வீசிய அந்தப் பேட்டைச் சாமி படத்தின் முன் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுக் கொடுத்தார். என்னால் தூக்கவே முடியவில்லை.

"டேய், பேட்டுதான் உன்னத் தூக்கிட்டு வருதுடா!" என்று பையன்கள் சிரித்தார்கள்.

அழுதுகொண்டே வந்து, "நீயே ஆடிக்க" என்று அப்பாவின் காலடியில் எறிந்தேன். அவர் திட்டவில்லை. மறுநாள் பேட்டின் அடியில் நாலு விரல் அளவு அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, "இப்ப தூக்கிப் பாரு கண்ணு" என்றார். ரோஷத்தில் நான் தொடவில்லை. கடைசியில் அம்மா அதைத் துணி துவைக்க எடுத்துக்கொண்டாள்.

மகனுக்குக் கைக்கு அடக்கமானதையே வாங்கினேன். சந்தோஷமாக ஆடுகிறான். அப்பா இருந்தபோது நானும் ஒரே ஒரு பந்தாவது அடித்துக் காட்டியிருக்கலாம்.