சலீம் நானாவும் எழும்பாத விருந்தினரும்

தீ ஒத்திகை முடிந்ததும் ஊழியர்களுக்கு வழங்கும் சிற்றுண்டியை ரோல்ஸிலிருந்து பற்றிஸாக மாற்றுவதென்று, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் எங்கள் ஹோட்டலின் நிர்வாகக் கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது. ரோல்ஸின் பக்கம் கடைசிவரை நின்ற கணக்காளரும் நிறுவனத்தின் நலன் கருதி இணங்கினார். பாதுகாப்பு அலுவலர் சலீம் நானாவின் கதிரை வெறுமையாக இருந்தது. பிந்தி வருகிறார் என்று நினைத்தோம். அவர் ஒருநாளும் பிந்தி வந்ததில்லை என்பது எவருக்கும் தோன்றவில்லை. அப்போது கிண்ணியாவிலிருந்து அவருடைய மருமகன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "மாமா மௌத்தாகிட்டார். சுபஹு தொழ எழும்பினவர், நெஞ்சு நோகுது எண்டார். அவ்வளவுதான்."

கூட்டம் எழுந்து நின்று மௌனம் காத்தது. பிறகு அடுத்த விடயத்துக்குப் போனது.

துறைமுகத்தின் தீயணைப்புப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றபின் எங்களிடம் வந்தவர். அடக்கமானவர் என்று இந்த நினைவுக்குறிப்பில் எழுதினால் அவரை அறிந்த நீங்கள் சிரிப்பீர்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கழுத்தில் விசிலுமாகவே கல்யாண வீடுகளுக்கும் போவார். "நான் நினைக்கிறன்" என்று அவர் தொடங்கி நான் கேட்டதில்லை.

அவர் நடத்திய முதலாவது ஒத்திகையில், தலைமைச் சமையல்காரர் சிவம் அண்ணன் இறால் சட்டியுடன் ஆறுதலாக வெளியே வந்தார்.

"நெருப்பில தப்பி வாறவன் சட்டியோட வருவானா? உங்கட செத்த வீட்டுக்கு ஆக்கவா?" என்றார் நானா.

"எங்கட செத்த வீட்டில மச்சம் மாமிசம் ஆக்கிறேல்லை, நானா."

"அப்ப வச்சிட்டு வாங்க."

அதன்பிறகு எவரும் எதையும் தூக்கி வரவில்லை. மணி அடித்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் பின்படியால் இறங்கி, வாகனத் தரிப்பிடத்தில் பிரிவு பிரிவாக நிற்போம். நகருக்குள் திரிந்து அங்கே வந்து படுத்திருக்கும் மான்கள்கூட எழும்பி இடம்விடப் பழகியிருந்தன.

விருந்தினரையும் ஒருமுறை சேர்க்க வேண்டுமென்று அவர் மாதந்தோறும் கேட்டார். அவர்கள் ஓய்வெடுக்க வருகிறவர்கள், படியிறங்க அல்ல என்று முகாமையாளர் மாதந்தோறும் விளக்கினார். "நெருப்புக்கு ஆர் கெஸ்ட், ஆர் ஸ்டாஃப் எண்டு தெரியாது, சேர்" என்பார் நானா. முகாமையாளர் அதை மறுக்கவில்லை. குறித்துக்கொள்வதாகச் சொல்வார்.

போன வருடம், மேல்மாடியில் கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தபோது குசினியின் புகைபோக்கியில் தீப்பிடித்தது. மணி அடித்தது. எங்கள் ஊழியர்கள் அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன் வெளியேறியதில்லை. பரிமாறியவர்கள் சோற்றுத் தட்டங்களை வைத்துவிட்டு இறங்கினார்கள். நானா எண்ணிப் பார்த்தார். ஒருவரும் குறையவில்லை. அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

மேல்மாடி யன்னலால் மாப்பிள்ளையின் தகப்பன் எட்டிப் பார்த்தார். "தம்பிமார், இஞ்ச சோறு முடிஞ்சுது. ஒருத்தரும் வரமாட்டியளோ?"

நானா அந்த வயதில் படியேறி ஓடினார். நானும் பின்னால் போனேன். குசினிப் புகை மண்டபத்துக்குள் வரத் தொடங்கியிருந்தது. விசிலை ஊதிக்கொண்டே பந்தி பந்தியாக எழுப்பினார். "எழும்புங்க, கையப் பிறகு கழுவலாம்." ஊர்ச் சனம் முழுவதும் சோற்றுக் கையோடு இறங்கியது. எவருக்கும் காயமில்லை.

அன்று பின்னேரம் அவர் என்னிடம் சொன்னார்: "பிழை என்ட, மகன். நான் போகப் பழக்கின. கூட்டிக்கொண்டு போகப் பழக்கல்ல."

அதன்பின் அவர் விடவில்லை. இந்த மாத ஒத்திகையைக் காலைச் சாப்பாட்டு வேளையில், விருந்தினரும் சேர்ந்து இறங்குவதாக நடத்த முகாமையாளர் கடைசியில் சம்மதித்தார். அதற்கான ஆயத்தக் கூட்டத்தில்தான் நாங்கள் சிற்றுண்டி பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

எந்த மண்டபத்துக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் வெளியேற இரண்டாவது கதவு எங்கே என்று இப்போது பார்க்கிறேன். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது அதுதான்.

ஒத்திகை குறித்த நாளில் நடந்தது. மணி அடிக்கும், விருந்தினர் எழும்பத் தேவையில்லை என்று மேசைதோறும் ஓர் அட்டை வைக்கப்பட்டிருந்தது.