கைக்குட்டையில் ஒட்டிய பச்சை

போன வருஷம் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. போடிமெட்டுக்கு ஏறுகிற வழியில், மலைச்சரிவில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ரெஸ்டாரெண்ட். தாய்லாந்து, சீனா, ஜப்பான் பக்கத்துச் சமையலை நம் ஊர் மசாலாவோடு கலந்து, சின்னச் சின்னத் தட்டுகளில் தருகிற இடம். நண்பர்கள் மூன்று பேர் போனோம். எனக்கு முதல் சந்தேகமே எங்களைக் கூட்டிப்போனவன் மேல்தான்.

அவன் குரங்கணிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவன். முப்பது வருஷப் பழக்கத்தில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையைத் தாண்டி எங்களை எங்கேயும் கூட்டிப்போனது கிடையாது. நான் போடியில் ஒரு வியாபாரிக்காக ஏலக்காய் தரம் பார்த்து வாங்குகிறவன். அவன் தோட்டத்துக் காய் அந்த வாரம்தான் விற்பனைக்கு வர இருந்தது. எங்கள் முன்னால் வைக்கிற சாம்பிளில் லாட்டு நம்பர் மட்டும்தான் இருக்கும். யாருடைய காய் என்று தெரியாது. தெரியாமல் பார்த்தால்தான் தரத்துக்கு மட்டும் மதிப்பு. ஆக, சாப்பாட்டைப் போட்டு நைசாகத் தன் லாட்டு நம்பரைக் காதில் ஓதப் போகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். கூட வந்த இன்னொரு நண்பன் ஜீப்பு ஓட்டுகிறவன். அவனுக்கு இப்படியெல்லாம் யோசனை ஓடாது. சாப்பாடு என்றால் சாப்பாடு, அவ்வளவுதான்.

உட்கார்ந்ததும், பரிமாற வந்தவர், மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளி, "சேட்டா, இது ஒவ்வொண்ணும் நடுவுல வச்சு எல்லாரும் பங்கிட்டுக் கழிக்கணும்" என்று, சாப்பிடுவதைத் தன் பாஷையில் பணிவாகச் சொன்னார். உள்ளங்கை அகலத் தட்டில் நாலே நாலு குட்டிப் பன். இத்தனை பெரிய மேசைக்கு இத்துனூண்டு தட்டா? அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டிவந்தவன் வேறு ஓர் இடத்தில் நிலையாக உட்காரவில்லை. இரண்டு முறை எழுந்துபோய் சமையலறையை எட்டிப்பார்த்துவிட்டு வந்தான். அவனும் சாப்பிடவில்லை, ஜீப்புக்காரன் ஒரு வாய் வைக்கும்போதெல்லாம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நானோ வந்த தட்டையெல்லாம் தள்ளித் தள்ளி வைத்தேன்.

"என்ன மாப்ளே, உனக்கு என்ன சோலி ஆகணும்? நேரா சொல்லிரு" என்றேன் அவனிடம்.

"ஒரு சோலியும் இல்லடா. தின்னுட்டு எப்படி இருக்குனு சொல்லு, போதும்."

அது மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிடும். என் தொழில் அப்படி.

அப்போதுதான் அந்தப் பச்சைத் தட்டு வந்தது. கொழுக்கட்டை மாதிரி மடித்து ஆவியில் வேகவைத்தது, பெயர் டம்ப்ளிங்காம். பச்சை என்றால் கண்ணைப் பறிக்கிற பச்சை. முதல் தரக் காயில்கூட நான் அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை. பழைய ஏலக்காய்க்குச் சாயம் ஏற்றிப் புதுக்காய் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஈரமான வெள்ளைத் துணியில் காயைத் தேய்த்தால் சாயம் துணியில் இறங்கிவிடும். அதற்காகவே என் சட்டைப்பையில் எப்போதும் வெள்ளைக் கைக்குட்டை வைத்திருப்பேன். அதை டம்ளர் தண்ணீரில் நனைத்து, ஒரு டம்ப்ளிங்கை வைத்து அழுத்தித் தேய்த்தேன். துணி பச்சையானது.

"பாத்தியாடா? அம்புட்டும் சாயம்."

லோடு ஏற்றுகிற இடத்தில் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. அங்கிருந்த எல்லா மேசைக்கும் கேட்டது. பக்கத்து மேசையில் இருந்த ஓர் அம்மா, மகளின் வாயருகே போயிருந்த டம்ப்ளிங்கைப் பிடுங்கித் தட்டில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குடும்பமே எழுந்து கிளம்பிவிட்டது. எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

என் நண்பன் முகம் செத்துப்போய்விட்டது.

சமையலறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், தலையில் தொப்பி, கையெல்லாம் மாவு. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ ஒரு கொத்துப் பசலைக்கீரையோடு வந்து, என் கைக்குட்டையை வாங்கி, வெள்ளையாக இருந்த மூலையில் கீரையைக் கசக்கித் தேய்த்தாள். அதே பச்சை.

"கீரைச் சாறு விட்டுத்தான் மாவு பெசையிறேன் சார். தேச்சா இதுவும் ஒட்டத்தான் செய்யும்" என்றவள், என் நண்பன் பக்கம் திரும்பினாள். "அப்பா, நான் இன்னைக்கே வீட்டுக்குக் கெளம்பணுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் மகளைப் பள்ளிக்கூடம் போன காலத்தில் பார்த்தது. சென்னையில் படிக்கிறாள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். அவள் படித்தது சமையல் என்பதையும், சிங்கப்பூரில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது இங்கே வந்து சமைக்கிறாள் என்பதையும் வெளியே சொல்ல அவனுக்குக் கூச்சம். வேலையை விட்டுவிட்டு கல்யாணத்துக்குச் சம்மதி என்று அவன். மாட்டேன் என்று அவள். கடைசியில் இரண்டு பேரும் ஒரு பேச்சுக்கு வந்திருக்கிறார்கள். யார் சமைத்தது என்று தெரியாமல் அப்பாவின் நண்பர்கள் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அவள் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பெயர் போடாத சாம்பிள் மாதிரிதான். தலையைக் குனிந்துகொண்டு அவன் இதைச் சொல்லி முடித்தபோது, என்னை நம்பித்தான் அவன் வந்திருக்கிறான் என்பது புரிந்தது.

அவசரமாக ஒரு டம்ப்ளிங்கை எடுத்து வாயில் போட்டேன். உள்ளே காளானும் இஞ்சியும், கடைசியில் லேசாக ஏலக்காய் மணம். நிஜமாகவே அருமை. அப்படியே சொன்னேன்.

"இப்ப நீ சொல்றது செல்லாது மாப்ளே" என்றான் அவன். "யாரு வீட்டுப் பிள்ளைனு தெரிஞ்சு போச்சுல்ல."

காயை எடுத்தால் நிறம் பார்ப்பேன், பிறகு கடித்தும் பார்ப்பேன். அன்றைக்கு, அதுவரை வந்த ஒரு தட்டைக்கூட நான் நாக்கில் வைத்திருக்கவில்லை.

ஜீப்புக்காரன்தான் வாயைத் துடைத்துக்கொண்டு பேசினான். "அப்ப என் பேச்சு செல்லும்ல? இவன் தேச்சுக்கிட்டுக் கெடந்தப்பவே நான் அந்தப் பன்னுல ரெண்டு தட்டைக் காலி பண்ணிட்டு மூணாவதும் சொல்லியாச்சு. யாரு சமைச்சா எனக்கென்ன? ஆத்தா, அதை வெரசா கொண்டா."

பரிமாறுகிறவரும் ஆமாம் என்று தலையாட்டினார். என் நண்பன் அந்தக் காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, "சரி, இரு" என்றான் மகளிடம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் ஒவ்வொரு மேசையாகப் போய், அது கீரைதான், நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். ஒரு காயைப் பற்றிச் சொன்ன வார்த்தையை அதுவரை நான் திருப்பி வாங்கியதே இல்லை. பிறகு அந்தக் குடும்பத்தைத் தேடி வெளியே ஓடினேன். அவர்கள் கார் இரண்டு வளைவு தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கையை ஆட்டிக் கத்திப் பார்த்தேன். கேட்கவில்லை.

அந்தப் பெண் இன்றைக்கும் அங்கேதான் சமைக்கிறாள். நான் போனால் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் சிரிக்கிறாள். நண்பனும் பழையபடி பேசுகிறான். ஆனால் அந்தக் காரில் போனவர்கள் எந்த ஊரோ தெரியாது; அவர்களைப் பொறுத்தவரை அவள் இன்னும் குழந்தைகளுக்குச் சாயம் கலந்து கொடுக்கிறவள்தான், அப்படி ஆக்கிவிட்டு வந்தவன் நான் என்று நினைக்கும்போதெல்லாம் வெட்கத்தில் குறுகிப்போகிறேன்.