ரோவேனாவின் குப்பைப் பை

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, மாதா கோயில் பின்கூடத்தில் அவரவர் கொண்டுவந்த சாப்பாட்டைப் பரப்பிவிட்டால் போதும், பிலிப்பினோப் பெண்களின் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். இந்த ஜப்பானுக்கு வந்து யார் ஜெயித்தது, யார் ஏமாந்தது? ஒருத்தி நிரந்தர விசா என்பாள். இன்னொருத்தி பிள்ளை டோக்கியோவில் படிப்பதைச் சொல்வாள். மற்றவள் சொந்தக் கார். பட்டியல் நீளும், நூடுல்ஸ் தட்டு காலியாகும், பேச்சு மட்டும் முடியாது.

"ரோவேனாக்கா, நீ சொல்லு. உன்கிட்டதான் எல்லாம் இருக்கே" என்றாள் ஜோசி. ரோவேனாவோடு ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், வாய் ஓயாதவள்.

"எங்கிட்ட என்னடி இருக்கு? எல்லாம் காகிதம்" என்றாள் ரோவேனா. "விசா காகிதம், பரீட்சை காகிதம், வீட்டுப் பத்திரமும் காகிதம்தான். பணமும் பொறுமையும் இருந்தா எவளும் வாங்கிடலாம். எங்க தெருவுல வருஷத்துக்கு ஒரு வீடா சுத்தி வர்ற குழுத் தலைவி முறை ஏப்ரல்ல எங்க வீட்டுக்கு வருது. அது வந்துச்சுன்னா நான் ஜெயிச்சேன்னு வச்சுக்கோ."

ஜோசி விழுந்து விழுந்து சிரித்தாள். "அடிப்பாவி! காக்கா கிளறாம குப்பை மேல மூடுற வலையைக் கழுவுறதும், வீடு வீடா நோட்டீஸ் கொடுக்குறதும் உனக்கு ஜெயிப்பா? இங்க அவனவன் அந்த வேலைக்குப் பயந்து வீட்டையே மாத்திக்கிட்டு ஓடுறான்."

"அதான்டி. அவங்க பயந்து ஓடுற வேலைய என்கிட்ட கொடுக்கணும். விருந்தாளிகிட்ட யாரும் வலை கழுவச் சொல்ல மாட்டாங்க."

ஜோசி காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

ரோவேனா இருபத்திமூன்று வயதில் மதுக்கடைப் பாட்டுக்காரியாக தொச்சிகி மாவட்டப் பக்கம் வந்து இறங்கியவள். அப்புறம் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. ஒன்பதாவது வருஷம் அந்த ஆள் சாப்பாட்டு மேசையில் விவாகரத்துப் படிவத்தை வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அவன் குளித்து வருவதற்குள் இவள் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாள். அழவில்லை. அழ வேண்டும் என்று தோன்றியது, நேரந்தான் அமையவில்லை, மறுநாள் டப்பா சாப்பாட்டுத் தொழிற்சாலையில் அதிகாலை வேலை. அப்படி ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு எதற்கும் அழாத மனுஷியாகிப்போனாள். ஜப்பானிய எழுத்துப் படித்தாள், முதியோர் பராமரிப்புக்கான அரசாங்கப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மூன்றாவதில் தேறினாள். பதினோரு வருஷத்துக்கு முன், பதின்மூன்று வீடுள்ள ஒரு சந்தில், பழைய வீடொன்றைத் தன் பெயரில் வாங்கினாள்.

அந்தப் பதினோரு வருஷமும் அவள் நடந்துகொண்ட விதத்தை ஒரு பாதிரியார் பார்த்தால் புனிதர் பட்டத்துக்கே எழுதிப் போட்டிருப்பார். ஒன்பது மணிக்கு மேல் துவைக்கும் மெஷின் ஓடாது. போனில் ஊர்க்காரர்களோடு பேசுவதானால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான். வீட்டு வாசலில் விழுந்த இலையோடு பக்கத்து வீட்டு வாசல் இலையையும் ஒரு முழம் கூடுதலாகக் கூட்டுவாள், அதுவும் ஒரு முழத்துக்கு மேல் போகாமல். அதிகம் போனால் அதுவும் தப்பாகிவிடும்.

எல்லாவற்றையும் விட அவள் பயந்தது நாற்றத்துக்கு. கருவாடு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. கருவாட்டு முள்ளும், மீன் சாறு ஊறிய காகிதமும் குப்பையில் கிடந்து, 'அந்த வெளிநாட்டுக்காரி வீட்டுப் பை' என்று எவரும் மூக்கைப் பொத்திவிடக் கூடாது. அதனால் மிச்சம் மீதியைச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ஒவ்வொன்றையும் இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டு, அப்புறம் நகராட்சிப் பைக்குள் அடுக்குவாள். பையின் மேல் ஊர் வழக்கப்படி தன் பெயரைத் தடித்த பேனாவில் எழுதுவாள். செவ்வாய், வெள்ளி காலை ஐந்தரை மணிக்குச் சந்து முனையில் வலைக்கடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். அந்நேரமே பக்கத்து வீட்டு ஹொசோயா அம்மாள் கையுறையும் துடைப்பமுமாக அங்கே நின்றுகொண்டிருப்பார். எண்பதைத் தாண்டியவர், சந்திலேயே மூத்தவர்.

"ரோவேனா-சான், இவ்ளோ காலையிலயா? பாவம், ரொம்ப உழைக்கிறீங்க."

"நீங்கதான் பாட்டிம்மா உழைக்கிறீங்க. தெருவையே நீங்கதான் சுத்தமா வச்சிருக்கீங்க."

"எனக்கு வேற என்ன வேலை, போங்க போங்க" என்று கிழவி சிரிப்பார்.

பதினோரு வருஷத்தில் ஒரு புகார் கிடையாது. ஜோசியின் குடியிருப்பில் மாதம் ஒரு தடவையாவது நகராட்சிக்காரர்கள் விதி மீறிய பையென்று மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், அவள் மானம் போகும். ரோவேனா அதைக் கேட்டு உச்சுக்கொட்டுவாள். உள்ளுக்குள் லேசான பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

பிப்ரவரியில் ஹொசோயா அம்மாள் உறைபனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்குப் பிறகு மூன்றாவது வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்த ரோவேனா சந்து முனையில் நின்றுவிட்டாள். வலைக்கடியில் ஒரே ஒரு பை மட்டும் கிடந்தது. மேலே மஞ்சள் ஒட்டுத்தாள். பக்கத்தில் அவளுடைய பெயர், அவளுடைய கையெழுத்தில்.

கண்ணால் கண்டும் நம்பாமல், முதலில் வேறு யாரோ தன் பெயரை எழுதி வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். பிறகு ஒட்டுத்தாளைப் படித்தாள். உள்ளே கட்டிய பைகள் கூடாது, உள்ளிருப்பது வெளியே தெரிய வேண்டும் என்று போட்டிருந்தது. விதிமுறைத் தாள் அவள் வீட்டுக் குளிர்பெட்டியில்தான் ஒட்டியிருந்தது. போய்ப் பார்த்தாள். ஆறாவது வரியில் அதே விதி. பதினோரு வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. எந்தக் கிழமையில் எந்தக் குப்பை என்று பார்ப்பதோடு அவள் கண் நின்றுவிட்டிருக்கிறது.

மறுநாள் கடையில் நல்ல பலகாரப் பெட்டியாகப் பார்த்து வாங்கி, கருநீலக் கோட்டு மாட்டிக்கொண்டு, குழுத் தலைவர் அகுட்சு வீட்டுக்குப் போனாள். இந்த வருஷத் தலைவி ஹொசோயா அம்மாள்தான், அவர் விழுந்ததால் அந்த முறையை அவருக்குப் பதிலாக இவர் பார்த்துக்கொண்டிருந்தார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், தலையை ஆட்டிக்கொண்டே பேசுகிறவர்.

ரோவேனா வாசலிலேயே இடுப்பு வளையக் குனிந்தாள். "என் பையால எல்லாருக்கும் தொந்தரவாப் போச்சு. மன்னிச்சுக்கணும்."

"ஐயையோ, எழுந்திருங்க ரோவேனா-சான். தப்பு எங்க மேலதான்" என்று அகுட்சு பதறினார். "இந்த வாரம் கொமாட்சு வீட்டு முறை. அந்தம்மா மறந்துட்டாங்க போல. நேத்தே சொல்லிட்டேன்."

"என்ன முறை?"

அகுட்சுவின் தலையாட்டல் நின்றது. உள்ளேயிருந்து அவர் மனைவி, "உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்" என்று முணுமுணுத்தது வாசல் வரைக்கும் கேட்டது.

"அது வந்து... ஹொசோயா-சான் தான் காலையில உங்க பையைப் பிரிச்சு, உள்ள இருக்கிற முடிச்செல்லாம் அவுத்துக் கொட்டி, திரும்பக் கட்டி வைப்பாங்க. ஆரம்பத்துல இருந்தே. இப்ப அவங்களுக்கு முடியலன்னு நாங்க வாரத்துக்கு ஒரு வீடா எடுத்துக்கிட்டோம். பெரிய வேலை எல்லாம் இல்ல. கோவிச்சுக்காதீங்க."

பதினோரு வருஷம், வாரத்துக்கு இரண்டு நாள். தன் கருவாட்டு முள் ஒவ்வொன்றையும் அந்தக் கிழவி முகர்ந்திருக்கிறார். அவள் எதை மறைக்க முடிச்சுப் போட்டாளோ, அதை அவிழ்க்கத்தான் அவர் ஐந்தரை மணிக்கு நின்றிருக்கிறார். ரோவேனாவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் யாருக்கோ நடந்ததைப் போலத் தள்ளி நின்றது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே திருத்தியிருப்பேனே" என்றாள்.

"சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான். நீங்க எவ்ளோ அழகா எங்க பாஷை பேசுறீங்க, எவ்ளோ முயற்சி பண்றீங்க..."

"ஏப்ரல் முறை எங்க வீட்டுதுதானே, அகுட்சு-சான்?"

அவர் பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்தார். இருபத்தேழு வருஷம் இந்த ஊரில் இருந்தவளுக்கு, 'இல்லை' என்று புரிய அந்த ஒரு சத்தம் போதும்.

"நீங்களோ ஷிப்ட் வேலை பாக்குறவங்க. தனி ஆள் வேற. உங்க தலையில பாரத்தை ஏத்தக் கூடாதுன்னு நாங்களே பேசி வச்சிட்டோம். கொமாட்சு-சான் சரின்னுட்டாங்க. நீங்க நிம்மதியா இருங்க."

"எனக்குப் பாரமில்ல. நான் செய்றேன்" என்றாள் ரோவேனா. பதினோரு வருஷத்தில் அந்தச் சந்தில் அவள் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

"இல்ல இல்ல, அதெல்லாம் வேண்டாம்" என்று அகுட்சு இரண்டு கையையும் ஆட்டினார். அவர் முகத்தில் பொய்யே இல்லை. மெய்யாகவே அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தார். ஒருத்தர் கெட்ட எண்ணத்தோடு செய்தால் நாலு வார்த்தை கத்தலாம். இவரை என்ன செய்ய? ரோவேனா நன்றி சொன்னாள், திரும்பக் குனிந்தாள், வீட்டுக்கு வந்து சோறு வைத்தாள். சாப்பிட்டாளா என்று பிற்பாடு அவளுக்கே நினைவில்லை.

அடுத்த செவ்வாயிலிருந்து ஒரு முடிச்சும் கிடையாது. கருவாட்டையே விட்டுவிட்டாள். முட்டை ஓடு, டீத்தூள், வெங்காயத் தோல், எல்லாம் வெளியே தெரியும்படி வைத்தாள். இரண்டு வாரம் இப்படிப் போனால் இவர்களே பார்த்துப் புரிந்துகொள்வார்கள், முறையை நிறுத்திவிடுவார்கள், ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, மனசு மாறினாலும் மாறும் என்று கணக்குப் போட்டாள்.

மார்ச் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. மாடி ஜன்னலோரம் நின்றாள். ஆறு மணிக்கு, மறந்துபோன வாரத்துக்கு ஈடாகவோ என்னவோ, கொமாட்சு அம்மாள்தான் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். ரோவேனாவின் பையைப் பிரித்தார். உள்ளே கையை விட்டு அடிவரைக்கும் துழாவினார். முடிச்சு எதுவும் அகப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து நின்றார். இன்னொரு தடவை துழாவிவிட்டுத் திரும்பக் கட்டி வைத்தார். நிமிர்ந்தபோது ஜன்னலில் ரோவேனாவைப் பார்த்துவிட்டார். அவர் சட்டென்று குனிந்து வணக்கம் சொன்னார். ரோவேனாவும் குனிந்தாள்.

"முறை வந்துச்சாக்கா?" என்று ஏப்ரல் முதல் ஞாயிறு ஜோசி கேட்டாள்.

"இந்த வருஷம் இல்லடி."

"தப்பிச்சே போ!" என்று ஜோசி அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "வார்த்தைக்கு வார்த்தை வலை கழுவப் போறேன்னு குதிச்சியே. சாமி உம்மேல கண்ணு வச்சிருக்காரு."

ரோவேனா சிரித்தாள். சிரிப்பு வந்ததே என்று அவளுக்கே ஆச்சரியம்.

அந்த வாரம் புதன்கிழமை, தாள்களைச் செருகி வீடு வீடாகச் சுற்றி வரும் அறிவிப்புப் பலகை அவள் கதவுப் பிடியில் தொங்கியது. எப்போதும் ஹொசோயா அம்மாள் தன் கையால் கொடுப்பதுதான் வழக்கம். அவர் வீடு பூட்டிக் கிடந்ததால் அதற்கு முந்தைய வீட்டுக்காரர் நேராக இங்கே மாட்டிவிட்டுப் போயிருந்தார். கிழவி இருந்திருந்தால், இவள் கண்ணில் படாமல், கடைசியிலிருந்த ஒரு தாளை முன்பே உருவி எடுத்திருப்பார். இடுப்பொடிந்து படுத்திருக்கிறவர் எதைத்தான் பார்ப்பார்?

முதல் தாள், வசந்தகாலத் தீயணைப்புப் பயிற்சி. இரண்டாவது, புதிய தலைவி கொமாட்சுவின் வணக்கம். மூன்றாவது, 'ரோவேனா-சான் வீட்டுப் பை, இந்த ஆண்டின் முறை' என்று அழகான கையெழுத்தில் தலைப்புப் போட்ட அட்டவணை. ஏப்ரலிலிருந்து அடுத்த மார்ச் வரைக்கும், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வீட்டின் பெயர். கீழே சின்ன எழுத்தில், முடிச்சு இல்லாவிட்டாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, அவர் மனம் நோகாமல் நடந்துகொள்வோம் என்று இருந்தது.

படித்ததற்கு அடையாளமாக முத்திரை வைக்கும் கட்டங்கள் ஓரத்தில் வரிசையாக இருந்தன. பதினோரு வீட்டு முத்திரையும் விழுந்திருந்தது. ஹொசோயா கட்டத்தில் 'ஆஸ்பத்திரி' என்று பென்சிலில் எழுதியிருந்தது. ஒரு கட்டம் மட்டும் காலி. அது அவளுடையது.

ரோவேனா செருப்பு மாட்டும் இடத்திலேயே உட்கார்ந்து அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். உள்ளே போய் இழுப்பறையைத் திறந்து தன் பெயர் முத்திரையை எடுத்தாள், சிவப்பு மையில் ஒற்றினாள், கட்டத்துக்குள் கோணாமல் நேராக வைத்தாள். மை காயும் வரைக்கும் ஊதினாள். பிறகு, சுற்று முடிந்த பலகையைத் தலைவி கொமாட்சு வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.